மூலையில் நின்ற கஞ்சி

எனக்குக் கழுவுகிற பைத்தியம் உண்டு. துடியலூரில் எங்கள் வீட்டில் மாவாட்டிய கிரைண்டரை அம்மா ஒரு முறை கழுவி வைத்தால், நான் போய் இன்னொரு முறை கழுவுவேன். கல்லுக்கு அடியில் விரலை விட்டு, வழுவழுப்பு போய்விட்டதா என்று தடவிப் பார்ப்பேன். "உன்னையக் கட்டிக்கிறவன் தண்ணி லாரியும் சேத்து வாங்கோணும்" என்று அம்மா கேலி செய்வார். அந்தக் கேலியில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு. இந்தப் பழக்கத்தால் ஒரு மனிதருடைய வேலை போகும் என்று யாராவது அப்போது சொல்லியிருந்தால் நானும் சேர்ந்து சிரித்திருப்பேன்.

தொண்ணூறுகளின் நடுவில் கோவையில் ஒரு பொறியியல் கல்லூரியில் எம்.இ. படித்துக்கொண்டிருந்தேன். என் ஆய்வின் தலைப்பு ஆங்கிலத்தில் மூன்று வரி நீளும். அம்மா அர்த்தம் கேட்டபோது, "கஞ்சி எப்படி ஓடுதுன்னு பாக்கறேம்மா" என்றேன். "அதுக்கு எதுக்குக் கண்ணு இவ்வளவு படிப்பு?" என்றார். கேலிக்குக் கேட்கவில்லை, நிஜமாகவே தெரியாமல் கேட்டார்.

விஷயம் என்னவோ அவ்வளவுதான். தண்ணீரை எவ்வளவு வேகமாகக் கலக்கினாலும், அப்படியே விட்டாலும் அதன் குணம் மாறாது. கஞ்சி, தோசைமாவு, பெயிண்ட் எல்லாம் வேறு ரகம். கிண்டினால் இளகும், சும்மா விட்டால் இறுகும். இப்படிப்பட்ட ஒன்றை ஒடுக்கமான பாதையில் தள்ளி, பாதையைத் திடீரென்று அகலமாக்கி, மறுபடியும் ஒடுக்கினால் உள்ளே என்ன நடக்கும்? எந்தப் பகுதி ஓடும், எது சுழலும், எது நின்றே போகும்? அதைக் கண்ணால் பார்த்துப் படம் எடுப்பதுதான் என் வேலை.

இந்தக் கேள்வி மேட்டுப்பாளையம் சாலையிலிருந்த ஒரு மில்லிலிருந்து வந்தது. தறிக்குப் போகும் பாவு நூல் உராய்வில் அறுந்துபோகாமல் இருக்க, அதைக் கஞ்சியில் முக்கிக் காய வைப்பார்கள். அந்த மில்லில் சில மாதங்களாகக் கஞ்சியில் கட்டி கட்டியாக வந்து நூலில் ஒட்டிக்கொண்டது. கட்டி ஒட்டிய இடமெல்லாம் தறியில் அறுந்தது. துணி வாங்கியவர்கள் திருப்பி அனுப்ப ஆரம்பித்துவிட்டார்கள். கஞ்சி காய்ச்சுகிற ஆள் சரியாக வேக வைக்கவில்லை என்றது நிர்வாகம். வேறு சிலர் குழாயைச் சொன்னார்கள். காய்ச்சும் தொட்டியிலிருந்து நூல் முங்கும் தொட்டிக்குப் போகிற குழாய் நடுவில் ஓட்டை விழுந்தபோது, பராமரிப்புக்காரர்கள் கையில் கிடைத்த இரண்டு மடங்கு பெரிய குழாய்த் துண்டு ஒன்றை வைத்துப் பற்றவைத்திருந்தார்கள். ஒடுக்கம், அகலம், மறுபடி ஒடுக்கம்.

மில் மேனேஜர் என் பேராசிரியரைப் பார்க்க வந்தார். "குழாயா, ஆளா? இத மட்டும் சொல்லிப்போடுங்க சார், போதும்" என்றார். எனக்குத் தலைப்பு கிடைத்தது. கல்லூரிக்கு அந்த மில் செலவில் ஒரு பம்பும் கிடைத்தது. அந்த 'ஆள்' யார் என்று நான் கேட்கவில்லை.

நான் காய்ச்சிய முதல் நான்கு கஞ்சிகளும் உருப்படவில்லை. ஒன்று அடிப்பிடித்தது, ஒன்று தண்ணீராகவே நின்றது. பேராசிரியர் மில்லுக்குச் சொல்லியனுப்ப, அடுத்த சனிக்கிழமை காலையில் ஆய்வுக்கூட வாசலில் ஒருவர் வந்து நின்றார். ஐம்பது வயது இருக்கும். வெள்ளைச் சட்டை, மடித்துக் கட்டாத வேட்டி, கையில் துணி சுற்றிய மரத் துடுப்பு.

"ஏனுங்க அம்மணி, கஞ்சி காச்சோணும்னு சொன்னாங்க. மில்லுல இருந்து வாரேனுங்க" என்றார்.

"வாங்ண்ணா. மில்லுல யாரு நீங்க?"

"கஞ்சி காச்சறவனுங்க. நாந்தான்" என்று சொல்லிவிட்டுக் கொஞ்சம் சிரித்தார். எந்தக் கேள்விக்காக இந்தச் சோதனை நடக்கிறது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. தன் மீது குற்றம் இருக்கிறதா என்று பார்க்கிற சோதனைக்குத் தானே வந்து கஞ்சி காய்ச்சித் தருகிற மனிதரை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

மக்காச்சோள மாவு, புளியங்கொட்டை மாவு, ஆட்டுக்கொழுப்பு. கொழுப்பு உருகும் வாடைக்கு நான் மூக்கில் கைக்குட்டை கட்டிக்கொண்டேன். "மொத வாரம் அப்படித்தானுங்க. அப்பறம் ஊட்டுச் சோத்துலயே இந்த வாசம் வந்துரும்" என்றார். அவர் தெர்மாமீட்டரைத் தொடவே இல்லை. துடுப்பைத் தூக்கி, வழிகிற கஞ்சி எந்த இடத்தில் அறுகிறது என்று பார்ப்பார். கம்பி மாதிரி நீண்டு, கடைசியில் சுருங்கி மேலே ஏறினால் இறக்கிவிடுவார். அவர் இறக்கிய பிறகு நான் ரகசியமாக வெப்பம் அளந்து பார்ப்பேன். ஒவ்வொரு வாரமும் ஏறக்குறைய அதே அளவு.

என் கருவி இரண்டு கண்ணாடித் தகடுகள்தான். நடுவில் அலுமினியப் பட்டைகளை வெட்டி வைத்து, மில் குழாயின் வடிவத்தைச் சின்ன அளவில் அமைத்திருந்தேன். சில்வர் பெயிண்டுக்குக் கலக்கும் அலுமினியப் பொடியைக் கஞ்சியில் ஒரு சிட்டிகை போட்டு, பம்பில் தள்ளுவேன். ஜன்னலெல்லாம் கறுப்புத் துணி. ஸ்லைடு புரொஜெக்டரின் வெளிச்சத்தை ஒரு கீறல் வழியாக விட்டால் பொடி மட்டும் மின்னும். கேமராவின் கண்ணைச் சில நொடி திறந்து வைத்தால் ஓடுகிற பொடி கோடாக விழும். வேகமாக ஓடினால் நீளக் கோடு, மெதுவாக ஓடினால் குட்டைக் கோடு, நின்றுவிட்டால் புள்ளி. அவ்வளவுதான் சூத்திரம், யாரும் படிக்கலாம்.

முதல் நல்ல படம் வந்த அன்று ஸ்டுடியோவிலிருந்து சைக்கிளை மிதித்துக்கொண்டு வந்தது எனக்கு ஞாபகம் இருக்கிறது. ஒடுக்கத்திலிருந்து கோடுகள் நெருக்கமாக வந்து, அகலத்தில் விரிந்து, மறுபடி ஒன்று சேர்ந்து போயின. இரண்டு மூலைகளிலும் சின்னச் சின்ன வளையங்கள். அவ்வளவு அழகாக நான் எதையும் அதுவரை செய்ததில்லை. சனிக்கிழமை வந்தவரிடம் காட்டினேன். படத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்துவிட்டு, "இது நாங் காச்சுனதுங்களா?" என்றார். அவர் குரலில் அப்போது இருந்த சந்தோஷத்தை நான் பிறகு பல நாள் நினைத்துக்கொண்டேன்.

ஒவ்வொரு முறை ஓட்டும் முன்பும் கண்ணாடியைக் கழற்றி, சோடா உப்பும் வெந்நீரும் ஊற்றி, பல் தேய்க்கும் பிரஷ்ஷால் மூலை மூலையாகத் தேய்ப்பேன். அரைமணி நேரம் ஆகும். அவர் பக்கத்தில் நின்று பார்ப்பார்.

"மில்லுல அந்தக் கொழாய யாரும் இப்பிடிக் கழுவறதில்லீங்க அம்மணி" என்றார் ஒரு நாள்.

"சோதனைன்னா சுத்தமா இருக்கோணுமில்லீங்ணா."

"அதுஞ் சரிதானுங்க." கொஞ்ச நேரம் கழித்து மறுபடி சொன்னார். "மில்லுல கரண்ட்டு போவும், வரும். அந்த மாதிரி ஒருக்கா இத நிறுத்திப்போட்டு, அரைமணி விட்டு ஓட்டிப் பாருங்களேன்."

"நிறுத்துனா படம் கெட்டுப்போயிருங்ணா. இங்க ஜெனரேட்டர் இருக்குது, கரண்ட் போற பேச்சே இல்ல" என்று சொல்லிச் சிரித்தேன். அவரும் சிரித்தார். "நீங்க படிச்சவங்க, நீங்க சொன்னாச் சரியாத்தானுங்க இருக்கும்" என்றார்.

எங்கள் பக்கத்து மரியாதையில் ஒரு கோளாறு உண்டு. ஒருவர் ஒரு விஷயத்தை இரண்டு முறை சொன்னாலே அது அதிகம். மூன்றாவது முறை சொல்வது எதிராளியைக் குறை சொன்னதாகிவிடும். அவர் இரண்டு முறை சொல்லிவிட்டார். அதற்கு மேல் அவர் சொல்ல மாட்டார் என்பது இங்கேயே பிறந்து வளர்ந்த எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். நான் சிரித்ததோடு அந்தப் பேச்சு முடிந்துவிட்டது.

பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை ஜெனரேட்டர் பழுதாகிக் கிடந்தது. அவர் காய்ச்சிக் கொடுத்துவிட்டுப் போன பிறகு, ஓட்டத்தின் நடுவில் மின்சாரம் நின்றது. நாற்பது நிமிடம் கழித்து வந்தது. ஃபிலிமில் இரண்டு படம் மிச்சம் இருந்தது. கழுவி மறுபடி ஆரம்பிக்கப் பொறுமை இல்லாமல், பம்பைப் போட்டு அந்த இரண்டையும் எடுத்து முடித்தேன். ஸ்டுடியோவில் எல்லாவற்றையும் தபால்தலை அளவில் ஒரே தாளில் அச்சிட்டுத் தருவார்கள். அதில் கடைசி இரண்டும் மூலையில் வெள்ளைத் திட்டோடு கலங்கியிருந்தன. கெட்டுப்போன படம் என்று பக்கத்தில் பெருக்கல் குறி போட்டேன்.

மார்ச் கடைசியில் மில்லுக்கு அறிக்கை கொடுத்தோம். மூலைகளில் மெதுவான சுழற்சி இருக்கிறது, தேக்கம் இல்லை, குழாயின் வடிவத்தால் கட்டி உண்டாக வாய்ப்பில்லை என்று எழுதினேன். பேராசிரியர் ஒரு வாக்கியத்தைக்கூட மாற்றவில்லை. அடியில் என் கையெழுத்தை அழகாகப் போட்டேன்.

இரண்டு வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை அவர் வரவில்லை. மில்லுக்கு போன் செய்தபோது, அவரைத் தற்காலிகமாக நிறுத்தியிருப்பதாகவும் ஜூனில் விசாரணை என்றும் சொன்னார்கள். எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது. ஆனால் சந்தேகம் வரவில்லை. படம் பொய் சொல்லுமா என்று நினைத்துக்கொண்டேன்.

மே மாதம் ஆய்வேட்டில் ஒட்டுவதற்குப் படங்களை அடுக்கிக்கொண்டிருந்தபோது, அந்தப் பெருக்கல் குறி கண்ணில் பட்டது. ஏனோ பூதக்கண்ணாடியை எடுத்து வைத்துப் பார்த்தேன். அந்த வெள்ளைத் திட்டு கலங்கல் இல்லை. அதற்கு ஓரம் இருந்தது. அன்றே ஸ்டுடியோவுக்குப் போய் அந்த ஒரு படத்தை மட்டும் பெரிதாகப் போட்டு வாங்கினேன். மூலையில் இருந்து கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு துண்டு பிய்ந்து வெளியே வந்துகொண்டிருந்தது. அதைச் சுற்றி வளைந்து போகும் நீளக் கோடுகள். துண்டுக்குள் ஒரு கோடுகூட இல்லை, எல்லாம் புள்ளி.

ஆய்வுக்கூடத்துக்கு ஓடி, அவரைப் பார்த்துப் பழகிய கையால் நானே கஞ்சி காய்ச்சினேன். பம்பை வேண்டுமென்றே நிறுத்தி, நாற்பது நிமிடம் விட்டு, மறுபடி ஓட்டினேன். மூன்று முறையும் மூலையில் கஞ்சி இறுகிக்கொண்டது, மூன்று முறையும் பம்பு கிளம்பியதும் பிய்ந்து வந்தது. நிற்காமல் ஓடுகிற கழுவிய குழாயைத்தான் நான் இத்தனை மாதமும் படம் எடுத்திருக்கிறேன். அப்படி ஒரு குழாய் அந்த மில்லில் கிடையாது. அவர் சொன்னதை அன்றே ஒரே ஒரு முறை செய்து பார்த்திருந்தால் போதும். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

படத்தைப் பேராசிரியரிடம் கொண்டுபோனேன். அவர் நல்ல மனிதர், அதைச் சொல்லியாக வேண்டும். வெகுநேரம் பார்த்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"மில்லுக்கு எழுதோணும், கண்டிப்பா எழுதோணும்" என்றார். பிறகு, "ஜூலைல உனக்கு வாய்மொழித் தேர்வு. அறிக்கை ஒண்ணு சொல்லுது, ஆய்வேடு ஒண்ணு சொல்லுதுன்னா வெளில இருந்து வர்றவங்க உன்னைத்தான் புடிப்பாங்க. மறுபடியும் ஆறு மாசம் இழுத்துரும். தேர்வு முடியட்டும் கண்ணு, அப்பறம் நானே உன்கூட மில்லுக்கு வாரேன்."

விசாரணை ஜூனில் என்று நான் அவரிடம் சொல்லவில்லை. அவருக்குத் தெரிந்திருக்கலாம், தெரியாமலும் இருந்திருக்கலாம். சொல்லியிருந்தால் அவர் வேறு மாதிரி முடிவெடுத்திருப்பாரோ என்னவோ. எனக்கு அவர் சொன்ன பதில் போதுமானதாக இருந்தது. உண்மையைச் சொன்னால், அவர் அறையிலிருந்து வெளியே வரும்போது எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. படத்தை என் மேஜை டிராயரில், கிராஃப் தாள்களுக்கு அடியில் வைத்தேன்.

ஜூன் முதல் வாரம் அவர் வந்தார். அன்று சனிக்கிழமை இல்லை, கையில் துடுப்பும் இல்லை. அதே வெள்ளைச் சட்டை, இஸ்திரி போட்டிருந்தது. நாற்காலியை இழுத்துப் போட்டேன். நுனியில் உட்கார்ந்தார்.

"வெள்ளிக்கிழம விசாரணைங்க அம்மணி" என்றார். "இருவத்திரண்டு வருசம் கஞ்சி காச்சியிருக்கறனுங்க. வேக வெக்கத் தெரியாதவன்னு எழுதி வெச்சுத் தாட்டி உட்டாங்கன்னா, அப்பறம் எந்த மில்லுலயுங் கூப்பிட மாட்டாங்க."

நான் மேஜைமேல் கிடந்த பேனாவை மூடி வைத்தேன்.

"நீங்க வந்து சாட்சி சொல்லோணும்னெல்லாம் கேக்க வல்லீங்க. அந்தப் படம் ஒண்ணு வேணுங்க. அதுல ஓடறது நாங் காச்சுன கஞ்சிதானுங்களே? ஒரு கட்டி இல்லாம எப்பிடிப் போகுது பாருங்கன்னு காட்டலாம்னு."

அவர் யோசனை சரிதான். என் அறிக்கை குழாயை விடுவித்தது என்றால், அந்தப் படம் அவரையும் அல்லவா விடுவித்திருக்க வேண்டும்? நானும் பேராசிரியரும் மேனேஜரும் மாறி மாறிப் பார்த்த படத்தில், காய்ச்சியவரின் கைவேலை கட்டியில்லாமல் ஓடிக்கொண்டிருக்கிறது என்பது எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. அதைக் கண்டுபிடிக்க அவரேதான் வரவேண்டியிருந்தது.

டிராயர் என் முழங்காலுக்கு நேராக இருந்தது. திறந்தேன். மேலே நல்ல படத்தின் பிரதிகள். அடியில் அது. கை இரண்டுக்கும் நடுவில் ஒரு நொடி நின்றது என்று எழுத எனக்கு ஆசைதான். நிற்கவில்லை. நேராக நல்ல படத்தை எடுத்தேன், ஒரு கவரில் போட்டேன், "நல்லபடியா முடியுங்ணா" என்று சொல்லிக் கொடுத்தேன்.

இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். "உங்களத்தானுங்க நம்பியிருக்கறேன்" என்றார். வாசல் வரைக்கும் போய், திரும்பிப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுப் போனார். நான் உள்ளே வந்து, கழுவி வைத்திருந்த கண்ணாடிகளை எடுத்து மறுபடியும் கழுவினேன்.

விசாரணையில் நடந்தது பிறகு காதுக்கு வந்தது. அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு விசாரித்தவர், "குழாய் நல்லா இருக்குதுன்னுதானே இதுவும் சொல்லுது?" என்றாராம். கல்லூரிக்குப் போய்க் காய்ச்சும்போது காட்டுகிற கவனத்தை மில்லில் காட்டவில்லை என்று எழுதி, வேலையை விட்டு நீக்கிவிட்டார்கள். அவர் கொண்டுபோன சாட்சி அவருக்கு எதிராகவே போய்விட்டது. அதைக் கவரில் போட்டுக் கொடுத்தது நான்.

ஜூலையில் என் தேர்வு நடந்தது. வெளியிலிருந்து வந்தவர் படங்களை ஒவ்வொன்றாக நகர்த்தி, "அருமையான படங்கள்" என்றார். அவர் பாராட்டப் பாராட்ட எனக்கு எழுந்து வெளியே போய்விடலாம் போல இருந்தது. போகவில்லை. தலையை ஆட்டி நன்றி சொன்னேன்.

பேராசிரியர் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். அடுத்த வாரமே இருவரும் மில்லுக்குப் போனோம். நாங்கள் எழுதிக் கொண்டுபோன புது அறிக்கையை மேனேஜர் முழுக்கப் படித்தார். குழாயை அவர்கள் ஏற்கெனவே மாற்றிவிட்டிருந்தார்கள், பராமரிப்பு வேலையோடு வேலையாக. கட்டி வருவது நின்றுவிட்டதா என்று கேட்டேன். "இப்ப ஒண்ணும் பிரச்சினை இல்லீங்க" என்றார். புது ஆள் நன்றாகக் காய்ச்சுகிறாராம். பழைய ஆளைத் திரும்ப எடுக்க முடியுமா என்று பேராசிரியர் கேட்டார். "முடிஞ்சுபோன விசாரணைங்க சார். ஜூன்ல இது வந்திருந்தா வேற" என்றார் மேனேஜர். எங்களுக்குக் காபி வரவழைத்தார். வாசல் வரை வந்து வழியனுப்பினார்.

கஞ்சி காய்ச்சியவர் தன் மனைவியின் ஊரான சென்னிமலைக்குக் குடிபோய்விட்டார் என்று மில் வாசலில் தெரிந்துகொண்டேன். ஆகஸ்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஈரோடு பஸ்ஸில் பெருந்துறை வரை போய், அங்கே டவுன் பஸ் மாறிப் போனேன். பையில், கட்டி பிய்ந்து வருகிற அந்தப் படம் இருந்தது. பஸ்ஸில் பேச்சை ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன். எதற்காகப் போனேன் என்று இப்போது கேட்டால், மன்னிப்புக் கிடைக்கும் என்றுதான். அவர் வேலைக்காக இனி ஒன்றும் செய்ய முடியாது என்று தெரிந்த பிறகுதானே கிளம்பினேன்.

தறிச் சத்தம் இரண்டு பக்கமும் கேட்கிற ஒரு தெருவில் வீடு. போர்வை நெய்கிறவர்களுக்கு நூலுக்குக் கஞ்சி போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தார். வாசலில் நீளக் கொம்புகளில் நூல் காய்ந்துகொண்டிருந்தது. என்னைப் பார்த்ததும் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். "அட, அம்மணி! வாங்க வாங்க. இந்த வெயில்ல இவ்வளவு தூரமா?" உள்ளே திரும்பி, "காலேஜ் அம்மணி வந்திருக்குது பாரு, காப்பி வையி" என்றார்.

உள்ளே சுவரில் முருகன் படத்துக்குப் பக்கத்தில், கண்ணாடிச் சட்டம் போட்டு என் படம் மாட்டியிருந்தது. அந்த நல்ல படம். அவர் மனைவி காபி டம்ளரை என் பக்கத்தில் வைத்துவிட்டு, நான் பார்ப்பதைப் பார்த்தார். "வர்றவங்ககிட்ட எல்லாங் காட்டுவாருங்க, இது நாங் காச்சுன கஞ்சின்னு" என்றார். கேலியும் பெருமையும் கலந்த குரல். என் அம்மாவின் குரல் மாதிரியே இருந்தது.

ஒத்திகை பார்த்தது எல்லாம் மறந்துவிட்டது. பையிலிருந்த படத்தை எடுத்து அவரிடம் நீட்டினேன். "நீங்க சொன்னீங்க இல்லீங்ணா, நிறுத்திப்போட்டு ஓட்டச் சொல்லி. இதுதான் அது. கொழாய்தாங்ணா காரணம். நான் எழுதுனது தப்பு" என்றேன்.

சூத்திரம் எதையும் நான் விளக்கவேண்டியிருக்கவில்லை. விரலை நேராக மூலையில் வைத்தார். "இங்கதானுங்க. இங்க உக்காந்துக்கும்னுதான் நானும் நெனச்சேன்" என்றார். முகம் மலர்ந்துவிட்டது. மனைவியைக் கூப்பிட்டு, "பாரு, புள்ளி புள்ளியா நிக்குது பாரு. நாஞ் சொன்னனல்ல?" என்றார். அந்த அம்மாள் முந்தானையில் கண்ணைத் துடைத்துக்கொண்டார். சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டோம், நல்லபடியாக முடிந்துவிட்டது என்று ஒரு நிமிடம் நம்பினேன்.

"விசாரணைல அந்தப் படத்தக் குடுத்தனுங்களா," என்று அவர் உற்சாகமாகச் சொல்ல ஆரம்பித்தார். "முன்னால பாக்கவே இல்லீங்க. மொதல்ல பொறத்தால திருப்பித்தான் பாத்தாங்க. ஸ்டுடியோக்காரன் சீலு குத்தியிருப்பான், தேதி போட்டு, அதத்தான் எழுதிக்கிட்டாங்க." சொல்லிக்கொண்டே, எப்படிப் பார்த்தார்கள் என்று காட்டுவதற்காகக் கையிலிருந்த படத்தைத் திருப்பினார்.

அந்த முத்திரையை நான் மறந்தே போயிருந்தேன். ஊதா மையில் ஸ்டுடியோவின் பெயர், கீழே தேதி, மே மாதம்.

அவர் பேச்சு நின்றது. எண்களை மெதுவாகப் படித்தார். உதடு அசைந்தது. மே, அதற்குப் பிறகு ஜூன், ஒரு நாற்காலியின் நுனி, ஒரு டிராயர். அவர் எதை எண்ணிக்கொண்டிருந்தார் என்று எனக்குத் தெரியும். கேளுங்கள், கேட்டுவிடுங்கள் என்று மனதுக்குள் கெஞ்சினேன். திட்டினால்கூடத் தாங்கிக்கொண்டிருப்பேன். அவர் மனைவிக்கு விளங்கவில்லை. "என்னங்க?" என்றார்.

"ஒண்ணுமில்ல" என்றார் அவர். படத்தை மறுபடி முன்பக்கமாகத் திருப்பி, ஓரம் மடங்காமல் மனைவி கையில் கொடுத்தார். "உள்ள பத்திரமா வையி" என்றார். பிறகு என்னைப் பார்த்தார். அவர் முகத்தில் கோபத்தைத் தேடினேன். எனக்கு அதுகூடக் கிடைக்கவில்லை.

"காப்பி ஆறிப்போச்சுங்களாட்டம் இருக்குது அம்மணி" என்றார். "வேற வெச்சுக் கொண்டாரச் சொல்லட்டுங்களா?"

வேண்டாங்ணா என்று சொல்லி டம்ளரை எடுத்தேன். மேலே தடிப்பாக ஆடை கட்டியிருந்தது. வீட்டில் என்றால் வடிகட்டாமல் தொடமாட்டேன். அன்று அப்படியே குடித்து முடித்தேன்.